எம்.ஏ. கூடக் கூடப் படம் கெடுவது ஏன்? ஃபோட்டான் எண்ணும் சி.டி.யில் துடிப்புக் குவியல்

கதிரியல்மாணவி

அனைவருக்கும் வணக்கம். மருத்துவ இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் காட்மியம் டெல்லுரைடு படிக டிடெக்டர் பொருத்திய சிறிய மேசை சி.டி. ஒன்று இருக்கிறது. 10 செ.மீ. விட்டமுள்ள தண்ணீர் ஃபாண்டத்தை (உடலுக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து, எக்ஸ்ரே குழாயின் மின்னோட்டத்தை (மில்லி ஆம்பியர், அதாவது எம்.ஏ.) மட்டும் படிப்படியாக ஏற்றிப் படம் எடுத்தேன். வந்த முடிவு குழப்புகிறது.

குறைந்த எம்.ஏ.வில் படம் இரைச்சலாக இருந்தாலும் நடுவிலும் ஓரத்திலும் சி.டி. எண் (அந்த இடம் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று படம் காட்டும் மதிப்பு) ஒன்றாகவே இருக்கிறது. எம்.ஏ.வை ஏற்ற ஏற்ற ஓரம் தனியாக விலகிப் போகிறது. மெல்லிய வளையங்களும் தலைகாட்டுகின்றன. ஃபோட்டான்கள் குறைவாக வந்து சேரும் நடுப்பகுதி ஒழுங்காக இருக்கிறது, ஏராளமாக வரும் ஓரம்தான் கெடுகிறது. நான் படித்ததற்கு இது தலைகீழாக இருக்கிறதே?

இன்னொன்று. மீட்டுருவாக்கத்துக்கு (எண்ணிக்கைகளைக் கணக்கிட்டுப் படமாக்குவதற்கு) முந்தைய வெறும் எண்ணிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். உயர்ந்த எம்.ஏ.வில் அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இரைச்சல் குறைந்தால் நல்லதுதானே என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

சில்லுத்தச்சன்

மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது தங்கையே. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்.

டிடெக்டர்களின் வாசிப்புச் சில்லு வடிவமைப்பது என் வேலை. ஒரு பிக்சலின் வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் விஷயம் கண்முன்னே தெரியும். ஃபோட்டான் ஒன்று படிகத்தில் விழுந்ததும் மின்னூட்டம் எலெக்ட்ரோடை நோக்கி நகர்கிறது. சில்லு அதை ஒரு சிறு மின்னழுத்த மேடாக, அதாவது துடிப்பாக, மாற்றுகிறது. மேடு ஏறி, உச்சம் தொட்டு, அடிக்கோட்டுக்கு இறங்க சில பத்து நானோ வினாடிகள் ஆகும். உச்சத்தின் உயரம் ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லும். நாம் வைத்திருக்கும் வரம்புக் கோட்டை மேடு கீழிருந்து மேலாகக் கடக்கும்போது எண்ணி ஒன்று கூடுகிறது.

ஃபோட்டான்கள் வந்து விழும் செறிவைக் கூட்டுங்கள். முதல் மேடு இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. வரம்புக் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை என்பதால் எண்ணி ஒன்றோடு நின்றுவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு ஃபோட்டான்கள் 80 கொண்ட ஒரே ஃபோட்டானாகப் பதிவாகும். ஒரு ஃபோட்டான் காணாமல் போகிறது. மிச்சமிருப்பது பொய்யான ஆற்றலோடு நிற்கிறது. இதற்குத்தான் துடிப்புக் குவியல் என்று பெயர். தகரக் கூரையில் தூறலை எண்ணிவிடலாம், அடைமழையில் ஒரே இரைச்சல்தான் கேட்கும்.

பழைய சி.டி.யில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு போன்ற ஒளிர்பொருள் எக்ஸ்ரேயை ஒளியாக மாற்றுகிறது. வந்த ஒளி முழுவதையும் ஒளி டயோடு கூட்டிச் சொல்கிறது. இரண்டு ஒன்றாக வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. நாம் கூட்டுவதை விட்டு எண்ணத் தொடங்கியதால்தான் வரும் வேகம் ஒரு பொருட்டாகிறது.

இருட்டறைக்காலம்

ஃபிலிம் கழுவிய காலத்திலிருந்து ரேடியோகிராஃபராக இருக்கிறேன். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் ஃபோட்டான் எண்ணும் இயந்திரம் இருக்கிறது. 0.2 மி.மீ. தடிமனில் நடுக்காதுச் சிற்றெலும்புகளையும் ஸ்டென்ட்டின் உட்புறத்தையும் பார்க்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. தம்பி சொல்லும் கோளாறு எதையும் நோயாளியின் படத்தில் நான் பார்த்ததில்லை. சீமென்ஸின் ஃபோட்டான் எண்ணும் சி.டி.யான நேயோட்டம் ஆல்ஃபாவுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பரிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. அதன் குழாய்கள் 1300 எம்.ஏ. வரை போகும். இத்தனை செறிவு டிடெக்டருக்கு ஒவ்வாது என்றால் அப்படி ஒரு குழாயை ஏன் கொடுக்கிறார்கள்? மேசைமேல் இருக்கும் ஆய்வுக் கருவியின் குறையை வைத்து எல்லா இயந்திரத்தையும் எடை போட வேண்டாம் என்பது என் கருத்து.

காட்மியம்

ஐயா, நோயாளியின் உடல்தான் டிடெக்டருக்குக் கேடயம். ஒரு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

மருத்துவ சி.டி.யில் எதுவும் மறைக்காத கற்றை, டிடெக்டர் பரப்பின் ஒரு சதுர மி.மீ.யில் வினாடிக்கு 100 கோடி ஃபோட்டான் வரை கொட்டக்கூடியது. பிக்சல் 0.3 மி.மீ. பக்கமுள்ள சதுரம் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 0.09 சதுர மி.மீ.; அதற்கு வருவது வினாடிக்கு 9 கோடி. ஒரு துடிப்பு 20 நானோ வினாடி இடம் பிடித்தால், சராசரியாக ஒரு துடிப்பு முடிவதற்குள் 1.8 ஃபோட்டான்கள் வந்து நிற்கின்றன. அந்தப் பிக்சல் கிட்டத்தட்டக் குருடு.

இப்போது குறுக்கே 30 செ.மீ. தண்ணீரை வையுங்கள். 70 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் தண்ணீர் ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 0.19 என்ற கெழுவோடு கதிரை உறிஞ்சுகிறது. முந்நூறில் ஒரு பங்குதான் மறுபக்கம் வந்து சேரும். அதே பிக்சலில் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வயிற்றின் நடுவே நீங்கள் எதையும் பார்க்காததில் வியப்பில்லை. 1300 எம்.ஏ.வைப் பெரும்பாலும் பருத்த உடலுக்குத்தானே கொடுக்கிறீர்கள். அங்கே கதிர் குறைவது பன்மடங்கு.

அந்தக் கணக்கு செல்லாத இடங்கள்தான் கவலைக்குரியவை: தோலை உரசிச் செல்லும் கதிர்கள், நுரையீரலின் ஓரம், இரு கால்களுக்கு இடைப்பட்ட வெளி, தோளிலிருந்து கழுத்துக்கு ஏறும் இடம். தோளுக்காக எம்.ஏ. உச்சத்தில் இருக்கும், ஒரு சில சுற்றுகளில் மெல்லிய கழுத்து வந்துவிடும். மாணவியின் 10 செ.மீ. ஃபாண்டம் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. நடுவுக்கும் ஓரத்துக்கும் டிடெக்டர் காணும் செறிவு ஏழு மடங்கு வேறுபடும். நடுக்கதிர் சரியாக எண்ணப்படுகிறது, ஓரக்கதிர் குறைத்து எண்ணப்படுகிறது. குறைத்து எண்ணினால் அங்கே பொருள் அதிகமாக இருப்பதாகத்தான் மீட்டுருவாக்கம் நினைக்கும். ஓரம் எந்தத் திசையில் எவ்வளவு விலகும் என்பது காற்று அளவுத்திருத்தத்தை (குறுக்கே எதுவும் வைக்காமல் எடுக்கும் ஒப்பீட்டு அளவை) எந்தச் செறிவில் எடுத்தீர்கள் என்பதையும் பொறுத்தது. காற்றைத்தான் டிடெக்டர் மிக மோசமாக எண்ணும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கதிரியல்மாணவி

நன்றி. ஓரம் கெடுவது புரிகிறது. ஏற்ற இறக்கம் ஏன் குறைய வேண்டும்? மேலும், எத்தனை தொலைகிறது என்று தெரிந்தால் ஓர் அட்டவணை போட்டுத் திருத்திவிட முடியாதா?

சில்லுத்தச்சன்

அட்டவணை போடுகிறோம். எல்லா இயந்திரத்திலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. அது எதைத் திருப்பித் தரும், எதைத் தராது என்பதுதான் கேள்வி.

எண்ணிகளை இரண்டு இலட்சிய வகைகளாகப் பிரிப்பார்கள். முதல் வகை, ஒன்றை எண்ணியதும் குறித்த நேரம் கண்ணை மூடிக்கொள்ளும். இடையில் வந்ததைப் பார்க்காது, நேரம் முடிந்ததும் தயார். வருகை கூடக் கூட அதன் எண்ணிக்கை ஒரு மேல்வரம்பை நெருங்கும், ஒருபோதும் இறங்காது. இரண்டாம் வகையில், இடையில் வரும் ஒவ்வொரு ஃபோட்டானும் செயலற்ற நேரத்தை மேலும் நீட்டிவிடும். தோளில் ஏறும் துடிப்பு என்று நான் மேலே சொன்னது இதைத்தான். இதில் ஓர் அளவுக்குமேல் வருகை கூடினால் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும்.

நண்பர் காட்மியம் எடுத்த 20 நானோ வினாடியையே எடுப்போம். இரண்டாம் வகை எண்ணி வினாடிக்கு 5 கோடி வருகையில் உச்சம் தொடும். அப்போது காட்டுவது 1.84 கோடி. 9 கோடி வந்தால் காட்டுவது 1.5 கோடி. வெறும் 2.4 கோடி வந்தாலும் அதே 1.5 கோடி! கையில் 1.5 கோடி என்ற எண் மட்டும் இருக்கும்போது எந்த அட்டவணை எதைச் சொல்லும்? ஒன்று கிட்டத்தட்ட வெறும் காற்று, மற்றொன்று சில செ.மீ. சதை.

உச்சத்துக்கு இந்தப் பக்கமே இருந்தாலும் இழப்பு உண்டு. 2.4 கோடி வருகையை எடுங்கள். எண்ணப்படுவது 62 சதவீதம். துடிப்புகள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டுத்தான் எண்ணப்பட முடியும் என்பதால் எண்ணிக்கை செயற்கையாக ஒழுங்காகிவிடுகிறது. அதன் மாறுபாட்டளவு (ஏற்ற இறக்கத்தின் வர்க்கம்) சராசரியின் 40 சதவீதம்தான். உங்கள் வெறும் எண்ணிக்கைகளில் ஏற்ற இறக்கம் குறைந்திருப்பது இதனால்தான். அது நல்ல செய்தி அன்று. அந்த இடத்தில் வளைகோடு படுத்துக்கிடக்கிறது. வருகை கொஞ்சம் மாறினால் எண்ணிக்கை மாறுவதே தெரிவதில்லை. அட்டவணை அந்தப் படுத்த கோட்டை நிமிர்த்தும்போது மிச்ச இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. கணக்குப் பார்த்தால் மிஞ்சும் தகவல் 41 சதவீதம். நோயாளி வாங்கிய டோஸில் பாதிக்கும் மேலே அந்தக் கதிர்ப்பாதையில் வீண். உச்சத்திலோ, அதாவது 5 கோடியில், தகவல் பூஜ்யம்.

முதல் வகையாக இருந்தால் இதே 2.4 கோடியில் 68 சதவீதத் தகவல் மிஞ்சியிருக்கும். அதனால்தான் சில்லு வடிவமைப்பவர்கள் இரண்டாம் வகையை முதல் வகையாக மாற்றப் பாடுபடுகிறோம். சுவிட்சர்லாந்தின் டெக்ட்ரிஸ் நிறுவனம் சின்க்ரோட்ரான் (மிகச் செறிவான எக்ஸ்ரே தரும் துகள் முடுக்கி) டிடெக்டர்களில் மறுபடி உசுப்பும் உத்தி ஒன்றைக் கொண்டுவந்தது: எண்ணிய பின் குறித்த நேரம் கழிந்தும் மின்னழுத்தம் வரம்புக்கு மேலேயே இருந்தால் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ளும். எண்ணிக்கை சரிவது நின்றுவிடுகிறது. எனக்குப் பிடித்த உத்தி இது.

உங்கள் வளையங்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. செயலற்ற நேரம் எல்லாப் பிக்சலுக்கும் ஒன்றல்ல. பக்கத்துப் பிக்சலோடு சிறு வேறுபாடு இருந்தாலும் செறிவு ஏறும்போது அது பெரிதாகும். சுற்றும் அமைப்பில் ஒரு பிக்சலின் நிலையான பிழை வளையமாகத்தான் விழும்.

நெறியாளர்

இயந்திர விலை பற்றிய பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே படத் தரத்தைப் பற்றி மட்டும் தொடருங்கள்.

இளவேனில்

கதிரியல் மருத்துவர் என்ற முறையில் என் கவலை வேறு. சி.டி. எண் கொஞ்சம் விலகினால் கண்ணுக்குப் பழகிவிடும். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய வாக்குறுதியே ஆற்றல் பிரித்தல்தான். அயோடின் படம், அயோடினை நீக்கிய படம், சுண்ணாம்பை நீக்கிய ரத்தக்குழாய்ப் படம் என எல்லாமே ஒவ்வோர் ஆற்றல் தொட்டியிலும் (இரண்டு ஆற்றல் வரம்புகளுக்கு இடைப்பட்ட பிரிவு) எத்தனை விழுந்தன என்ற கணக்கில் நிற்கின்றன. 40-ம் 40-ம் சேர்ந்து 80 ஆனால் அந்தக் கணக்கு என்ன ஆகும்?

காட்மியம்

மொத்த எண்ணிக்கையைவிட அதுதான் முதலில் ஆட்டம் காணும், டாக்டர். கீழ்த் தொட்டி இரண்டை இழக்கிறது. மேல்தொட்டி ஒன்றைப் பெறுகிறது. மிதமான செறிவில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன. நிறமாலை உண்மையில் இருப்பதைவிடக் கடினமானதாக, அதாவது உயர் ஆற்றல் பக்கம் சாய்ந்ததாக, தோன்றும். மொத்த எண்ணிக்கையை மட்டும் திருத்தும் அட்டவணைக்கு இது தெரியவே தெரியாது. பொருள் பிரித்தல் இரு தொட்டிகளின் வேறுபாட்டில் நிற்பதால் சிறு பிழையும் அதில் பல மடங்காகும்.

ஒரு தனிமம் எக்ஸ்ரேயைத் திடீரெனக் கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலைக் கே-விளிம்பு என்பார்கள். அயோடினின் கே-விளிம்பு 33.2, கடோலினியம் 50.2, தங்கம் 80.7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். தங்க நுண்துகளை அதன் விளிம்பை வைத்துத் தேட நினைப்பவர், 80-க்கு மேலே உள்ள தொட்டியில் விழுவதை நம்பியாக வேண்டும். அங்கேதான் இரட்டைகள் வந்து குவிகின்றன. இதற்கு அட்டவணை போதாது. துடிப்புகள் எப்படிச் சேர்கின்றன என்பதை ஒரு கணித மாதிரியாக எழுதி, எந்தப் பொருள் எவ்வளவு இருந்தால் இந்த எண்ணிக்கைகள் வரும் என்று தேட வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கட்சுயுகி டகுச்சியும் அவரோடு இருந்தவர்களும் இந்த மாதிரிகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள்.

மூன்றாம்சுற்று

பிக்சலைச் சிறிதாக்கினால் முடிந்ததே? பரப்பைக் கால்பங்காக்கினால் ஒரு பிக்சலுக்கு வரும் ஃபோட்டானும் கால்பங்கு. எதற்கு இத்தனை கணிதம்?

சில்லுத்தச்சன்

அதைத்தான் செய்கிறார்கள். மேயோ கிளினிக்கில் 2014-இல் நிறுவப்பட்ட முன்மாதிரியிலேயே பிக்சல் 0.225 மி.மீ.தான். ஆனால் குறைத்துக்கொண்டே போக முடியாது. காட்மியம் 23, டெல்லூரியம் 27 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் தம் சொந்த எக்ஸ்ரேயை உமிழும். அது 0.1 மி.மீ. அளவு தள்ளிப்போய் பக்கத்துப் பிக்சலில் விழும். எல்லைக்கோட்டில் விழும் ஃபோட்டானின் மின்னூட்டமும் இரண்டாகப் பிரியும். அப்போது ஒரு ஃபோட்டான் இரண்டு தாழ்ந்த ஃபோட்டான்களாகப் பதிவாகும். குவியல் ஆற்றலை மேலே தள்ளுகிறது, பகிர்வு கீழே இழுக்கிறது. ஒன்று மற்றதைச் சரிக்கட்டும் என்று நம்பிவிடாதீர்கள். செறிவு மாறும்போது குவியல் மாறும், பகிர்வு அப்படியே இருக்கும்.

செர்ன் ஆய்வகத்தின் மெடிபிக்ஸ்3 சில்லு பக்கத்துப் பிக்சல்களின் மின்னூட்டத்தைக் கூட்டி, முழுவதையும் ஒன்றுக்கே வழங்கும் வசதியோடு வந்தது. அருமையான வேலை. ஆனால் நான்கு பிக்சல்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கும்போது அந்த நான்கும் சேர்ந்தே செயலற்றுப் போகின்றன. உயர் செறிவில் அந்த வசதியே பாரம்.

சிலிக்கன் வேறு பாதை. ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில் தோன்றி 2020-இல் ஜி.இ. வாங்கிய பிரிஸ்மாடிக் சென்சார்ஸ் அந்த வழியில் போனது. எடை குறைந்த தனிமம் என்பதால் சில செ.மீ. ஆழம் வேண்டும், அதனால் தகட்டின் விளிம்பைக் கதிருக்குக் காட்டி, ஆழத்தையும் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். வரும் கூட்டம் பல துண்டுகளில் பங்கிடப்படுவதால் செறிவைத் தாங்குகிறது. ஈடாக, காம்ப்டன் சிதறலால் (எலெக்ட்ரானில் மோதித் திசை மாறிப் போவதால்) பல ஃபோட்டான்கள் தம் ஆற்றலின் சிறு பகுதியையே விட்டுச்செல்லும்.

காட்மியம்

படிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். இதுவரை பேசியது மின்னணுவின் தாமதம். செறிவு படிகத்தையே களைப்படையச் செய்யும். காட்மியம் டெல்லுரைடில் எலெக்ட்ரான்கள் விரைவாக ஓடிவிடும். துளைகள் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடங்கள்) மெதுவாக நகரும், வழியில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய நேர்மின்னூட்டம் சேரச் சேர உள்ளே இருக்கும் மின்புலம் தளரும். புலம் தளர்ந்தால் துடிப்பு நீளும், உயரமும் குறையும். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். துடிப்புக் குவியல் அந்த நொடியோடு போய்விடும். முனைவாக்கமோ முந்தைய ஸ்கேனின் நினைவை அடுத்ததுக்கும் கொண்டுபோகும். காலையில் எடுத்த அளவுத்திருத்தம் மாலையில் பொருந்தாமல் வளையங்கள் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். 2021-இல் கேனன் கையகப்படுத்திய கனடாவின் ரெட்லென் போன்றோர், துளைகள் எளிதாக நகரும்படி காட்மியம் துத்தநாக டெல்லுரைடு வளர்ப்பதில் இறங்கியது இதற்காகத்தான்.

இருட்டறைக்காலம்

மதிப்பான விளக்கங்கள். சரி, கையில் எம்.ஏ.வை வைத்திருப்பவன் என்ன செய்வது? டோஸைக் குறை என்கிறீர்களா?

காட்மியம்

டோஸ் வேறு, செறிவு வேறு, ஐயா. 500 எம்.ஏ.வில் அரை வினாடியும் 250 எம்.ஏ.வில் ஒரு வினாடியும் ஒரே 250 எம்.ஏ.எஸ்.தான் (எம்.ஏ.வை வினாடியால் பெருக்கியது). நோயாளிக்குப் போகும் டோஸ் ஒன்றுதான். டிடெக்டர் சந்திக்கும் கூட்டமோ இரண்டாவதில் பாதி. அசையாத உறுப்பில், மூச்சுப் பிடிக்க அவகாசம் இருக்கும்போது, மெதுவான சுழற்சி படத்துக்கு நல்லது. இதயத்தில் அந்தச் சலுகை கிடைக்காது.

மற்றபடி நீங்கள் காலங்காலமாகச் செய்வதுதான். நோயாளியை மையத்தில் படுக்கவைப்பது இந்த இயந்திரத்தில் இரட்டிப்பாக முக்கியம். போ-டை ஃபில்டரின் (குழாய்க்கு முன்னே இருக்கும், நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த வடிகட்டி) தடித்த இறக்கைகள் உடலின் மெல்லிய ஓரத்துக்கு நேரே வந்தால்தான் ஓரக்கதிர் அடங்கும். நாலு செ.மீ. தாழ்த்திப் படுக்கவைத்தால் ஃபில்டரின் மெல்லிய பகுதியும் உடலின் மெல்லிய ஓரமும் ஒரே கதிர்ப்பாதையில் சேர்ந்துவிடும். ஆற்றல் பிரித்தல் தேவைப்படாத நுரையீரல், எலும்புப் பரிசோதனைகளில் வெள்ளீய ஃபில்டரும் கூட்டத்தைக் குறைக்கும்.

இருட்டறைக்காலம்

இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படுக்கையின் உயரத்தைச் சரிபார்க்காமல் ஸ்கேனைத் தொடங்குவது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருக்கிறது.

கதிரியல்மாணவி

அப்படியானால் என் சோதனையையே மாற்றி அமைக்க வேண்டும். நான் எம்.ஏ.வை ஏற்றியபோது எம்.ஏ.எஸ்.ஸும் கூடவே ஏறியது. இரைச்சல் குறைந்ததில் எது டோஸால், எது குவியலால் என்று பிரிக்க வழியில்லை. எம்.ஏ.எஸ்.ஸை நிலையாக வைத்து, எம்.ஏ.வையும் நேரத்தையும் எதிரெதிராக மாற்றி எடுக்கப் போகிறேன். குவியல் இல்லையென்றால் எல்லாப் படமும் ஒன்றாக வர வேண்டும், சரிதானே?

சில்லுத்தச்சன்

சரியான சோதனை. வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என ஒரே அளவு அயோடின் கரைந்த இரண்டு குப்பிகளை வையுங்கள். சி.டி. எண் அசைவதற்கு முன்பே ஓரக் குப்பியின் அயோடின் அளவு அசையத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு வரம்பின் எண்ணிக்கையையும் தனித்தனியாகச் சேமியுங்கள். கூட்டிய பிறகு பிரிக்க முடியாது.

காட்மியம்

வரிசையிலும் கவனம் வேண்டும். குறைந்த எம்.ஏ.வில் தொடங்கி மேலே போங்கள்; உச்சத்தை எடுத்த கையோடு மறுபடியும் அந்த முதல் குறைந்த எம்.ஏ.வில் ஒன்று எடுங்கள். முதலும் கடைசியும் ஒத்துப்போனால் நீங்கள் பார்த்தது துடிப்புக் குவியல் மட்டுமே. ஒத்துப்போகாவிட்டால் படிகம் களைத்திருக்கிறது. டிடெக்டர் படிகத்தின் உயர் மின்னழுத்தத்தை அணைத்துச் சிறிது ஓய்வு கொடுத்துவிட்டு, அதே அளவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தரவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.